கவனம் எங்கே ஒழுகுகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பக்கத்தில் இருக்கட்டும். 'செம்பனைத்தோட்டம்' என்று எழுத்து எழுத்தாக இடைவெளி விட்டு எழுதுங்கள். மொத்தம் 9 எழுத்து. அதற்கு நேர்கீழே 1 முதல் 9 வரை எழுதுங்கள். எத்தனை நொடி பிடித்தது என்று குறித்துக்கொண்டு, அதே வேலையை மாற்றிச் செய்து பாருங்கள். மேல் வரியில் 'செ', கீழ் வரியில் 1. மறுபடி மேலே 'ம்', கீழே 2. இப்படியே மாறி மாறி முடிக்க வேண்டும். எழுதிய எழுத்தும் எண்ணும் முன்பு எழுதியவைதான், ஒன்றுகூட அதிகமில்லை. ஆனாலும் நேரம் கூடியிருக்கும். 'தோ'வுக்குப் பக்கத்தில் எங்கோ கை தயங்கி நின்றிருக்கும். சிலருக்கு எழுத்தே தப்பியிருக்கும்.

அந்தக் கூடுதல் நொடிகளைத்தான் நாம் நாள் முழுவதும் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1927இலேயே ஆர்தர் ஜெர்சில்ட் என்ற உளவியலாளர் வேலை மாற்றத்துக்கு ஆகும் இந்தச் செலவை அளந்து எழுதிவிட்டார். 1995இல் ராஜர்ஸ், மான்செல் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: அடுத்து எந்த வேலை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, தயாராக அவகாசம் கிடைத்தாலும், இந்தச் செலவு குறையுமே தவிர முழுதாக ஒழியாது. யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேலைகள் எல்லாம் மூளையில் ஒரே ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும்; சம்பள நாளில் தோட்ட அலுவலகத்தின் முன்னால் வரிசை நிற்பதுபோல ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வெளியே காத்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டைச் செய்கிறோம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே வேகமாக ஓடுவதுதான்.

எல்லாமே பழுது இல்லை. மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே துணி மடிப்பதையும், பேசிக்கொண்டே வாசல் பெருக்குவதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. கைக்குப் பழகிய வேலைக்கு அந்த ஜன்னல் தேவைப்படாது. சந்தேகம் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பேச்சு சூடுபிடிக்கும்போது கை நிற்கிறதா? நின்றால் அது யோசனை கேட்கும் வேலை. தனியாகத்தான் செய்ய வேண்டும்.

கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. சாலையைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: காலையிலிருந்து ஓடினேன், மாலையில் ஒன்றும் முடிந்தபாடில்லை

இது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்ட அலுவலகங்களில் மாதத்தின் முதல் வாரம் அப்பட்டமாகத் தெரியும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். ஆகவே செக்ரோல் எனப்படும் வேலையாள் பதிவேட்டை மூடி, செம்பனைப் பழம் வெட்டியவர்களின் குலைக்கணக்கைச் சேர்த்து, பிடித்தம் கழித்து, தொகை போடும் வேலை முழுவதும் அந்த ஒரு வாரத்தில் வந்து குவியும். சேமநிதிச் சந்தாவை 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்ற கெடுவும் பின்னாலேயே நிற்கும். அந்த மேசையில் உட்கார்ந்து செக்ரோல் எழுதியவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கொடுத்த சீட்டைப் பார்த்து ஒருவருடைய குலைகளைக் கூட்டிக்கொண்டிருப்போம். 118, 231, 340 என்று மனதில் தொகை ஏறிக்கொண்டிருக்கும். "அக்கா, ஒரு நிமிடம். சொக்சோ கடிதம் வந்துவிட்டதா?" என்று, சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கடிதத்தைக் கேட்டு ஜன்னலில் ஒரு குரல் எழும். வரவில்லை என்று சொல்ல மூன்று நொடிதான் ஆகும். திரும்பிப் பார்த்தால் 340ஆ 304ஆ என்று தெரியாது. முதலிலிருந்து கூட்ட வேண்டும். பாதியில் வாட்ஸ்அப் என்கிற புலனத்தின் குழுவில் வழுக்கிய லாரியின் படம் ஒன்று வந்து விழும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் நிர்வாகி அழைப்பார். மாலை ஐந்து மணிக்கு எழும்போது உடம்பு அசந்திருக்கும். பத்துப் பேர் கணக்குகூட முடிந்திருக்காது. அன்று சோம்பேறித்தனமாக ஒரு நிமிடம்கூட இருந்திருக்க மாட்டோம். அதுதான் மனதை அதிகம் நோகடிப்பது.

உள்ளே நடப்பது இது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது மனம் முழுதாகக் கூடவே வருவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் 2009இல் இதை ஆராய்ந்து எழுதினார். மிச்சம் அதிகமாகத் தங்கியவர்கள் அடுத்த வேலையை மோசமாகச் செய்தார்கள். 2008இல் குளோரியா மார்க் குழுவினர் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. குறுக்கீடுகளுக்கு நடுவே வேலை செய்தவர்கள் வேகத்தைக் கூட்டி அதை ஈடுகட்டினார்கள். அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் ஏறின. "வேலை எப்படியோ முடிந்துவிட்டதே" என்பவர்கள் கொடுத்த விலை அதுதான். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போதும். மேசையில் ஒரு துண்டுத் தாளை வைத்து, வேலை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். யாராவது கூப்பிட்டு மாறினால் இடப்பக்கம். யாரும் கூப்பிடாமல் நீங்களாக மாறினால் வலப்பக்கம். காரணம் எழுத வேண்டாம். எழுதினால் அதுவே இன்னொரு வேலையாகிவிடும். பெரும்பாலானவர்கள் இடப்பக்கம்தான் நிரம்பும் என்று நினைத்துத் தொடங்குவார்கள். அலுவலக ஊழியர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதி மாற்றம் அவர்களே செய்துகொண்டது. இடப்பக்கம் அதிகமென்றால் 'பிறர் விடுவதில்லை' என்ற பகுதிக்குப் போங்கள். வலப்பக்கம் அதிகமென்றால் அடுத்த பகுதி.

இரண்டும் சமமாக இருந்தால், எடுத்துக்கொண்ட வேலைகளே அதிகம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்குக் கட்டாயம் முடிய வேண்டியது எது என்று காலையிலேயே ஒன்றை எழுதி வையுங்கள். அது முடியும்வரை மற்றவை காத்திருக்கட்டும். அது பெரிய வேலையானால், அன்றைக்குரிய பங்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 'சம்பளக் கணக்கு' என்று எழுதாதீர்கள். '1 முதல் 20 வரை உள்ளவர்களின் குலைக்கணக்கு' என்று எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

அறிகுறி: யாரும் கூப்பிடாமலே கை கைப்பேசிக்குப் போகிறது

குளோரியா மார்க் 2004 வாக்கில் அளந்தபோது, மக்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் கவனம் வைத்தார்கள். பிந்திய ஆண்டுகளில் அது 47 நொடிக்கு இறங்கிவிட்டது. உங்கள் கை மட்டும் தனியாகக் கெட்டுப்போகவில்லை.

முதலில் செய்ய வேண்டியது இடத்தை மாற்றுவது. கவிழ்த்து வைப்பதும் சத்தத்தைக் குறைப்பதும் போதாது. கைப்பேசி அடுத்த அறையில் இருக்க வேண்டும். 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சுமார் 800 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கைப்பேசியை வேறு அறையில் வைத்தவர்கள், மேசைமேல் வைத்தவர்களைவிட நினைவுச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். கைப்பேசி ஒலிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்ததோடு சரி. பின்னால் வந்த சில ஆய்வுகளில் இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எழுந்து நடந்து எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தாலே பாதி ஆசை அடங்கிவிடுவதை நீங்களே காண்பீர்கள்.

அடுத்தது புலனம். ஊரில் ஒவ்வொருவரும் எத்தனை குழுக்களில் இருக்கிறோம்! கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமான் குடியிருப்பின் பாதுகாப்புக் குழு, இரண்டு பக்கத்துச் சொந்தங்கள், பழைய மாணவர்கள். விலகினால் மனத்தாங்கல் வரும் என்பது உண்மை. விலக வேண்டாம். ஒவ்வொரு குழுவையும் 8 மணி நேரத்துக்கோ ஒரு வாரத்துக்கோ எப்போதைக்குமோ ஒலியடக்கி வைக்கலாம். அது மற்றவர்களுக்குத் தெரியாது. அவசரம் என்றால் செய்தி போடாமல் நேரே அழைக்கும்படி வீட்டிலும் வேலையிலும் சொல்லி வையுங்கள். இதைச் சொல்லாவிட்டால் 'ஏதாவது ஆகியிருந்தால்?' என்ற பயத்திலேயே கை மறுபடி போகும். இங்கே பயத்தையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கைப்பேசியை வைத்த பிறகும் மனம் தானாக ஓடினால்? மின்கட்டணம் கட்டவில்லை, அத்தைக்கு அழைக்கவில்லை, மோட்டார் சைக்கிளுக்குச் சாலைவரி புதுப்பிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக எழும்பும். அவற்றை அடக்கப் பார்க்காதீர்கள். தாளில் எழுதி, பக்கத்தில் எப்போது எப்படிச் செய்வது என்பதையும் எழுதுங்கள்: 'அத்தை, இரவு சாப்பிட்ட பிறகு'. மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடியாத வேலை மனதைக் குடைவதை நிறுத்த அதை முடித்தாக வேண்டியதில்லை. எப்போது எப்படி என்று திட்டம் போட்டாலே குடைச்சல் அடங்குகிறது. வெறும் பட்டியல் போட்டால் அவ்வளவு பலன் இல்லை. நேரம் குறிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அறிகுறி: நான் தயார்தான், பிறர் விடுவதில்லை

தலையைத் திருப்புவதற்கு முன் நின்ற இடத்தைக் குறியுங்கள். இந்த வழிமுறை முழுவதிலும் ஒரே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். "அக்கா" என்ற குரல் கேட்டதும், "இதோ, ஒரு வரி" என்று சொல்லி, '340 வரை, அடுத்து 12ஆம் தேதிச் சீட்டு' என்று எழுதிவிட்டு நிமிருங்கள். வந்தவர் ஐந்து நொடி காத்திருப்பார். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். லெராயும் குளோம்பும் 2018இல் காட்டியது இதைத்தான். எங்கே நின்றோம், திரும்பி வந்ததும் என்ன செய்வோம் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போனவர்களின் மனம் பழைய வேலையில் குறைவாகவே தங்கியது. வந்தவருடைய விஷயத்தையும் அவர்கள் நன்றாகக் கவனித்தார்கள். சொக்சோ கடிதம் கேட்டு வந்தவருக்கும் அரைமனதோடு பதில் கிடைக்காது.

இதற்குப் பிறகும் இடப்பக்கக் கோடுகள் குறையாவிட்டால், நேரத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ஜன்னல் சாத்தியிருக்கும், பத்தரைக்குப் பிறகு எந்த விஷயமாக இருந்தாலும் வரலாம் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினால் மக்கள் பழகிக்கொள்வார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்து காட்டுக்குப் போனவர்கள் அந்த நேரத்தில் எப்படியும் வர மாட்டார்கள்; வருகிற சிலரும் நேரம் தெரிந்தால் அலைய வேண்டியதில்லை.

மேலதிகாரியிடம் கேட்பதுதான் கடினம். குறை சொல்வதுபோல் கேட்டால் நடக்காது; வேலையை முன்னால் வைத்துக் கேட்க வேண்டும். "ஐயா, ஐந்தாம் தேதிக்குள் கணக்கை முடித்துவிடுகிறேன். அதுவரை காலையில் ஒன்றரை மணி நேரம் அழைப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். தேதியும் வேலையும் தெளிவாக இருந்தால் பெரும்பாலான நிர்வாகிகள் ஒத்துக்கொள்வார்கள். கேட்டும் கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே தவறு ஊழியருடைய கவனத்தில் இல்லை. ஒரே ஆளை ஜன்னலுக்கும் தொலைபேசிக்கும் கணக்குக்கும் சேர்த்து உட்காரவைத்துவிட்டு, கணக்கில் பிழை வந்தால் அவரைத் திட்டுவது நியாயமே இல்லை. இன்னொருவரை அமர்த்துவதுதான் அதற்கு மருந்து.

அறிகுறி: சின்னச் சின்னத் தவறுகள் கூடிக்கொண்டே போகின்றன

340 என்பது 304 ஆகிறது. ஒருவர் பேருக்கு நேரே அடுத்தவர் தொகை விழுகிறது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாகவே போகிறது. வயதாகிவிட்டது என்று முடிவுகட்டுமுன் இதைக் கேளுங்கள். 2014இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்ட்மனும் அவருடன் சேர்ந்தவர்களும், படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்து நடுவே குறுக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரி 2.8 நொடிக் குறுக்கீட்டுக்கே படி தவறும் பிழை இரண்டு மடங்கானது. 4.4 நொடிக்கு மூன்று மடங்கு. ஜன்னலில் 'வரவில்லை' என்று சொல்லும் நேரம் அவ்வளவுதானே.

இது கணக்கோடு நிற்கிற விஷயமும் இல்லை. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 தாதியர் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் செயல்முறைத் தவறு 12.1 விழுக்காடும், மருந்து சார்ந்த தவறு 12.7 விழுக்காடும் கூடின. அடுத்த முறை மருத்துவமனையில் தாதி மருந்து எண்ணும்போது கேள்வி கேட்க வாய் திறந்தால், அவர் நிமிரும்வரை பொறுத்திருப்போம்.

சரிசெய்ய: எண்ணை வாய்விட்டுச் சொல்லி, விரலால் தொட்டு எழுதுங்கள். ஜப்பானில் ரயில் ஊழியர்கள் சமிக்ஞை விளக்கைக் கையால் சுட்டி, அதன் நிலையைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். கண், விரல், வாய், காது நான்கும் ஒரே இடத்தில் கூடும்போது மனம் வேறெங்கும் நழுவ இடமில்லை. கூட்டிய கணக்கைச் சரிபார்ப்பதை உடனே செய்யாமல், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து செய்யுங்கள். குறுக்கீடு நடந்த இடங்களில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தால், அந்த இடங்களை மட்டும் இரண்டாவது முறை பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் அகப்படும்.

அறிகுறி: மூன்று மணி நேரம் படித்தும் மனதில் நிற்பதில்லை

ஐந்தாம் படிவப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இதைச் சேர்ந்து படிக்க வேண்டும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழ் கைக்கு வர மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். வரலாறு நினைவில் தங்கினால்தான் உண்டு.

2006இல் கலிஃபோர்னியாவில் ஃபோர்டே, நோல்ட்டன், போல்ட்ராக் மூவரும் செய்த சோதனையில், இளைஞர்கள் ஒரு பாடத்தைத் தனியாகவும், இன்னொன்றை ஒலிகளை எண்ணிக்கொண்டே கவனம் பிரிந்த நிலையிலும் கற்றார்கள். பிறகு கேட்டபோது இரண்டிலும் விடை ஏறக்குறைய ஒன்றுபோலவே வந்தது. ஆனால் கற்றதை விளக்கவும் வேறு கேள்விக்குப் பொருத்தவும் சொன்னபோது, கவனம் பிரிந்து கற்றவர்களால் முடியவில்லை. மூளையில் அது பதிந்த பகுதியே வேறாக இருந்தது. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த பிள்ளை 'எல்லாம் தெரியும்' என்று நம்பித் தேர்வு மண்டபத்துக்குப் போவதும், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டவுடன் திகைத்து நிற்பதும் இதனால்தான். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. படித்தது உண்மை. எடுத்துப் பயன்படுத்தும்படி பதியவில்லை.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து உருவாக்கிய முறை இது, பரவலாகக் கைகொடுக்கிறது. 25 முடியாவிட்டால் 15 வைத்துக்கொள்ளலாம், எண் முக்கியமில்லை. மணி அடித்ததும் புத்தகத்தை மூடி, படித்ததை யாருக்காவது சொல்லிக் காட்ட வேண்டும். யாரும் இல்லாவிட்டால் சுவருக்குச் சொல்லலாம். சொல்ல வராத இடம்தான் பதியாத இடம். ஓய்வு நேரத்தில் கைப்பேசியைத் தொட்டால் அந்த ஐந்து நிமிடம் ஓய்வாக இருக்காது. வெளியே போய் வாசலில் நிற்கட்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். வாசிப்புக்கும் பாட்டின் வரிகளுக்கும் வேண்டியது மொழிதான், இரண்டும் மோதும். கணக்குப் பயிற்சி போடும்போது வார்த்தை இல்லாத இசை பரவாயில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகள் சிறியவை. கூடத்தில் தொலைக்காட்சி ஓடினால் அறையில் ஒவ்வொரு வசனமும் கேட்கும். "ஐயா, கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வா" என்று நாம் நடுவில் கூப்பிடுவதும் குறுக்கீடுதான். பிள்ளை முகம் சுளித்தால் மரியாதை இல்லை என்று கோபிக்கிறோம். "அம்மா, எட்டரைக்குப் போகிறேன்" என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கட்டும். தேங்காய் அதுவரை பொறுக்கும்.

அறிகுறி: வீட்டு வேலையில் ஒன்றையும் முழுதாகச் செய்ய முடியவில்லை

அடுப்பில் குழம்பு. இடுப்பில் பிள்ளை. காதில் மாமியாரின் அழைப்பு. மாலைச் சாப்பாட்டுக்குள் நெத்திலி வறுக்க வேண்டும், நாளைய பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். இந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் போய், 'ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவள் பலவற்றை ஒரே நேரத்தில் செய்யத் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாம் அவள்மேல் வந்து விழுந்திருக்கின்றன. பெண்களுக்கு இது இயல்பாகவே வரும் என்று பாராட்டுவது, இன்னும் இரண்டு வேலையை ஏற்றுவதற்கு வழி செய்கிறது.

இங்கே சரிசெய்ய வேண்டியவர்கள் வீட்டில் உள்ள மற்றவர்கள். 'உதவி' செய்தால் போதாது. கணவர் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், ஆனால் துண்டு எங்கே, எந்தச் சட்டை, தண்ணீர் சூடு போதுமா என்று மூன்று முறை கேட்கிறார் என்றால் அந்த வேலை இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது. வேலையைக் கொடுத்தால் யோசனையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் கேள்வி கேட்காமல் முடிக்க வேண்டும். ஒரு வேலையையாவது இன்றே அப்படி முழுதாகக் கைமாற்றுங்கள். பிள்ளையின் பள்ளிப் பை, சட்டை, புத்தகம் எல்லாம் அப்பாவின் பொறுப்பு என்று ஆகிவிட்டால், அவள் மனதிலிருந்து ஒரு பாரம் உண்மையிலேயே இறங்கும்.

அடுப்பைப் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒன்று: எண்ணெய் காயும்போது அழைப்பை எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் தீயை அணையுங்கள்.

அறிகுறி: சாலையில் ஏதோ ஒன்று மயிரிழையில் தப்பியது

இதற்குப் படிப்படியான வழி கிடையாது. வண்டி ஓட்டும்போது கைப்பேசி வேண்டாம். காதுக்கருவி மாட்டிப் பேசுவதும் வேண்டாம். யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் பல ஆண்டுகளாக ஓட்டுநர்களைச் சோதித்துக் காட்டியது இதுதான்: கையில் பிடித்துப் பேசினாலும், கை படாமல் பேசினாலும், ஓட்டுநரின் கவனம் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் கெடுகிறது. கண் சாலையைப் பார்க்கும். பார்த்தது மனதில் ஏறாது. தோட்டத்து மண்சாலை தார்ச்சாலையில் சேரும் முனையில் பழ லாரி திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். அழைப்பு வந்தால் ஓரம் கட்டி, இயந்திரத்தை நிறுத்திப் பேசுங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பவரை நீங்கள் அழைத்திருந்தால், தெரிந்த உடனே "பிறகு பேசலாம்" என்று நீங்களே வைத்துவிடுங்கள்.

அறிகுறி: எனக்கு மட்டும் இது நன்றாக வருகிறதே

வாட்சன், ஸ்ட்ரேயர் இருவரும் 2010இல் 200 பேரை வண்டி ஓட்டும் பயிற்சிக் கருவியில் உட்காரவைத்து, கூடவே நினைவுக் கணக்கும் கொடுத்தார்கள். இரண்டிலும் தடுமாறாதவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. அதே யூட்டா பல்கலைக்கழகத்தில் 2013இல் வந்த ஆய்வில், பல வேலையை ஒரே நேரத்தில் அதிகம் செய்பவர்கள் அதில் திறமை குறைந்தவர்களாகவும், தங்கள் திறமையை மிகையாக மதிப்பிடுபவர்களாகவும் இருந்தார்கள். ஆகவே நன்றாக வருகிறது என்ற உணர்வை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் சொன்ன எழுத்து, எண் சோதனையை இன்னொருவர் கடிகாரம் பார்க்கச் செய்யுங்கள்.

சதாவதானிகளைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு விஷயங்களைக் கவனத்தில் இருத்திக் காட்டியது தமிழர் அனைவருக்கும் பெருமை. ஆனால் அவதானத்தை உற்றுப் பாருங்கள். கேள்விகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றையும் வாங்கி நினைவில் அதனதன் இடத்தில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கிறார். அது ஆண்டுக்கணக்கில் பழகிய நினைவாற்றல். கைப்பேசியைச் சுரண்டிக்கொண்டே கணக்குப் போடுவதற்கு அதைச் சாட்சியாக இழுப்பது அந்தக் கலைக்கே இழுக்கு.

இங்கேயே பக்கத்தில் பாருங்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் தொடங்கியது எங்கள் பகுதியில்தான். உயரமான மரத்தில் பழம் வெட்டுபவர், அரிவாள் கட்டிய நீளக் கழியை மட்டைக்கடியில் பொருத்தி, குலை எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து, காலை எங்கே நகர்த்துவது என்று முடிவு செய்த பிறகே இழுக்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுக்க மற்றவர்கள் துணிய மாட்டார்கள். இருபது கிலோ குலை தலைக்குமேல் தொங்கும்போது ஒரு வேலைதான் உண்டு என்பது அந்தத் தொழிலில் அனைவருக்கும் தெரியும்.

அறிகுறி: எல்லாம் செய்தும் கவனம் நிற்கவில்லை

முதலில் தூக்கத்தைப் பாருங்கள். பால்வெட்டுக்கோ ஆலையின் இரவு முறைக்கோ போய்வருபவர்களுக்குத் தூக்கம் குறைந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஒரு வாரம் தூக்கத்தைச் சரிக்கட்டிவிட்டுப் பிறகு பாருங்கள்.

தூக்கம் போதுமானதாக இருந்தும் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தீராத கவலை எல்லாமே கவனச் சிதறலாக முகம் காட்டும். சிறு வயதிலிருந்தே எதிலும் உட்கார முடியாமல், பொருள்களைத் தொலைத்துக்கொண்டு, பேச்சின் நடுவே நழுவிக்கொண்டு இருந்தவர்களுக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு இருக்கலாம். அது பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை, சிகிச்சையும் உண்டு. இவர்களைச் சோம்பேறி என்று சொல்லிச் சொல்லியே பலருடைய பள்ளிக் காலத்தைக் கெடுத்திருக்கிறோம்.

அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். போகும்போது மூன்று விஷயங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: இது எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகமாகிறது, இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள். சாப்பிடும் மருந்துகள் இருந்தால் அவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சளி, இருமல் மருந்துகளில் சில மந்தத்தை உண்டாக்கும். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.